முதலாளி திறந்து பார்க்காத சிஆர்எம்

வாடிக்கையாளர் விவரங்களையும் சந்திப்புகளையும் ஒரே இடத்தில் பதிந்துவைக்கும் முறைதான் சிஆர்எம். மென்பொருளைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதால்தான் சிஆர்எம் திட்டங்கள் தோற்கின்றன என்கிறது உங்கள் கட்டுரை. என் அனுபவம் வேறு. கோவையில் பம்ப்செட் விற்கும் ஒரு நிறுவனத்தில் 9 வருடம் விற்பனைப் பிரிவில் இருந்தேன். நல்ல மென்பொருள்தான் வாங்கினார்கள், பயிற்சியும் கொடுத்தார்கள். ஆனால் எம்.டி. ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. திங்கட்கிழமை மீட்டிங்குக்கு எக்செல் ஷீட், ராத்திரி வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாள் முழுக்க டீலர் கடைகளுக்கு அலைந்துவிட்டு வருகிறவர் ஒரே விவரத்தை மூன்று இடத்தில் எதற்கு எழுத வேண்டும்? மாதக் கடைசியில் உட்கார்ந்து கைக்கு வந்ததை நிரப்பினோம்.

பிறகு வந்த விற்பனை மேலாளர், மீட்டிங்கில் சிஆர்எம் திரையைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டேன் என்றார். தன் சந்திப்புகளையும் அவரே பதிவு செய்தார். அதைவிட முக்கியம், நாங்கள் பதிந்த புகாருக்கு சர்வீஸ் ஆள் மறுநாளே போனார். எழுதினால் நமக்கும் பயன் உண்டு என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

1993-ல் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் தலைமைக்கு வந்த லூ கெர்ஸ்ட்னர், மூத்த நிர்வாகிகள் 50 பேரையும் மூன்று மாதத்துக்குள் ஆளுக்கு 5 பெரிய வாடிக்கையாளர்களையாவது நேரில் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓரிரு பக்க அறிக்கை. அத்தனையையும் அவரே படித்தார். படிக்கிறார் என்று தெரிந்ததும் வேலையில் வேகம் வந்தது. அன்றைக்கு அதற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த கட்டுரையில் மென்பொருள்களின் விலையை ஒப்பிடுவதோடு, நிர்வாகிகள் வாரத்துக்கு எத்தனை தடவை அதைத் திறக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.