சீட்டுக் குலுக்கி வந்த உப்புமா

நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு, பள்ளிகளில் சாதிச் சண்டையைத் தடுக்க வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தபோது, சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கலர் கயிற்றைத் தடை செய்யச் சொன்னதைப் பற்றித்தான் டிவியில் மாறி மாறிப் பேசினார்கள். அதே அறிக்கையில் இன்னொரு பரிந்துரையும் உண்டு. எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்த ‘சமூக நீதி மாணவர் படை’, அதற்குத் தனிச் சீருடை. நோக்கத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் ஆறு வருஷம் பள்ளியில் என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பார்த்துக்கொண்ட வாத்தியார் என்கிற முறையில் கேட்கிறேன்: இருக்கிற படைகளை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்?

என்.எஸ்.எஸ்., என்.சி.சி., சாரணர், ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்), பசுமைப்படை என்று நம் பள்ளிகளில் பெயருக்குப் பஞ்சமில்லை. வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று பாருங்கள். அமைச்சர் வந்தால் ரோட்டோரம் வரிசை. ஆண்டு விழாவில் தண்ணீர் பாட்டில் கொடுப்பது, நாற்காலி தூக்குவது. பிறகு ஒரு குரூப் போட்டோ. 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு ஆரம்பித்த திட்டம் என்.எஸ்.எஸ். ‘நானல்ல, நீ’ என்பது அதன் வாசகம். கோணார்க் கோயில் தேர்ச்சக்கரம் அதன் சின்னம். பேட்ஜில் இருக்கும் அந்தச் சக்கரம் எந்த ஊரில் இருக்கிறது என்று சட்டையில் குத்தியிருக்கும் பையனைக் கேட்டால் முழிப்பான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என்.எஸ்.எஸ்ஸின் ஏழு நாள் முகாம் மட்டும் வேறு கதை.

காலாண்டு லீவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஜமுக்காளம் விரித்துப் படுப்போம். காலையில் சீமைக்கருவேலம் வெட்டுவது, மதியம் தீயணைப்புத் துறையிலிருந்தோ ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தோ யாராவது வந்து பேசுவது, ராத்திரி ஆட்டம் பாட்டு. (மதியப் பேச்சில் பாதிப் பேர் தூங்குவார்கள். நானும் தூங்கியிருக்கிறேன்.) இதில் எதுவும் பிள்ளைகளைப் பெரிதாக மாற்றியதாக நான் பார்க்கவில்லை. மாற்றுவது அடுப்படி.

முதல் வருஷம் சமையல் குழுவை அவர்களையே பிரித்துக்கொள்ளச் சொல்லி ஏமாந்தேன். தெருவாரியாகப் பிரிந்து நின்றார்கள். அடுத்த வருஷத்திலிருந்து சீட்டுக் குலுக்கல்தான். அப்படி ஒரு முகாமுக்கு ஒருவன் வீட்டிலிருந்து தட்டும் டம்ளரும் தனியாகக் கொண்டுவந்தான். வயிறு சரியில்லை சார் என்று ஓரமாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றான். வயிறு இல்லை விஷயம் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். மூன்றாம் நாள் காலை அவன் குழு முறை. ரவையை வறுக்காமல் அப்படியே கொதிநீரில் கொட்டிவிட்டான். 25 பேருக்கான உப்புமா களிமண் மாதிரி உருண்டு நிற்கிறது. வெளியே பசியோடு தட்டைத் தட்டுகிறார்கள். காலனியிலிருந்து வந்த பையன் ஒருவன், அம்மா கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர், கரண்டியைப் பிடுங்கினான். “நீ நகருடா” என்று சொல்லி, இன்னொரு சட்டியில் மீதி ரவையை வறுத்து, எண்ணெய் விட்டுத் தாளித்து, அரை மணியில் புதிதாக ஒன்று கிண்டிவிட்டான். வறுத்த வாசனை வந்ததும் கையில் இரண்டு ரவையை எடுத்து, “இந்தா, மோந்து பாரு, இதான் பதம்” என்று நீட்டினான். இவன் மோந்து பார்த்தான்.

அன்றைக்கு அவன் சாப்பிட்டான். தட்டு மட்டும் அவன் தட்டுதான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அந்தத் தட்டும் பொதுக் குவியலோடு கழுவப் போயிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கெட்டிருக்கும்.

பள்ளி திறந்த பிறகு இரண்டு பேரும் பஸ்ஸில் ஒன்றாக உட்காரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் ஊர்க்காரர்கள் இருப்பார்கள். ஆனால் ரெக்கார்டு நோட்டு கைமாறுவதைப் பார்த்தேன்.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலும் பணக்காரப் பள்ளிப் பையன்களையும் தொழிலாளர் குடும்பத்துப் பையன்களையும் கலந்துதான் அணி பிரித்தார். சுமார் 20 பையன்கள்தான். சாரணர் இயக்கம் இங்கே வந்தபோது சீருடையும் சல்யூட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன, கலப்பது மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வியை இதனால்தான் எனக்குப் பிடித்தது. மாதம் 1,000 ரூபாய்க்குச் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அந்தத் தன்னார்வல அக்காக்களுக்குப் பிள்ளையின் வீடும் தெரியும், வீட்டுச் சண்டையும் தெரியும். சீருடை கிடையாது. தெருவுக்குள்ளேயே நடந்ததால் தெருவைத் தாண்டவில்லை என்பது அதன் குறை. அதற்குத்தான் முகாம் வேண்டும் என்கிறேன்.

புதுப் படை அமைக்கிற காசில் பாதியை இருக்கிற முகாம்களுக்குக் கொடுங்கள். நேரத்துக்குக் கொடுங்கள், கேஸ் சிலிண்டருக்கு வாத்தியார் கைக்காசு போட்டுவிட்டுப் பொங்கல் வரை காத்திருக்க முடியாது. ஏழு நாளை மூன்று நாளாகச் சுருக்கிக் கணக்கு எழுதாதீர்கள். மூன்றாம் நாள்தான் எங்களுக்கு ரவையே வறுபட ஆரம்பிக்கும்.

போன வாரம் இந்த வருஷத்துப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு அப்பா வந்தார். கையெழுத்துப் போடும் முன் பேனாவை மூடி வைத்துவிட்டு, “சமையல் யாரு சார்?” என்றார்.

“உங்க பையன்தாங்க” என்றேன்.