தரை என்ன செய்தது?

குழந்தை ஓடி வந்து தடுக்கி விழுகிறது. பாட்டி உடனே தரையை ஓங்கி நாலு அடி அடிக்கிறார். "என் தங்கத்தைத் தள்ளிவிட்டியா நீ?" குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டு ரெண்டு அடி போடுகிறது. எல்லோரும் சிரிக்கிறோம். வலித்தால் யாரையாவது அடிக்கலாம் என்ற பாடம் ஒன்றரை வயதிலேயே முடிந்துவிடுகிறது. முட்டி வலிக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அட்டாச்மென்ட் பேரன்டிங் பற்றி இப்போது இன்ஸ்டாகிராம் முழுக்கப் பேச்சு. வில்லியம் சியர்ஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பரப்பிய முறை: தாய்ப்பால் கொடு, உடம்போடு அணைத்துத் தூக்கு, பக்கத்திலேயே தூங்க வை, அழுதால் உடனே கவனி. நம் வீடுகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. "தூக்கியே பழக்காதே, அப்புறம் கையை விட்டு இறங்காது" என்பவர்களுக்கு மட்டும் ஒரு தகவல். அமெரிக்காவின் பால்டிமோரில் உளவியலாளர்கள் சில்வியா பெல்லும் மேரி எயின்ஸ்வொர்த்தும் குழந்தைகளை வீட்டிலேயே போய்க் கவனித்து 1972-ல் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் சில மாதங்களில் அழுதவுடன் கவனிக்கப்பட்ட குழந்தைகள், ஒரு வயதை நெருங்கும்போது குறைவாகவே அழுதன.

நமக்குச் சிக்கல் குழந்தை பேச ஆரம்பித்த பிறகுதான். இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்த அதே வீட்டுக்கு இரண்டரை வயதில் பூச்சாண்டி வருவார், போலீஸ் வருவார், ஊசி போடும் டாக்டர் வருவார். இவர்கள்கூடப் பரவாயில்லை. "நீ இங்கேயே இரு, அம்மா போறேன்" என்று கடைத்தெருவில் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது இருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்காது. போன வாரம் ஒரு பாத்திரக் கடை வாசலில் பார்த்தேன். பொம்மைக் காருக்கு அழுத பையன், அம்மா நிஜமாகவே நடக்க ஆரம்பித்ததும் காரை மறந்துவிட்டான். ஒரு செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்துக்கொண்டான். "பாத்தியா, வழிக்கு வந்துட்டான்" என்றார் கூட இருந்தவர். அவன் முகத்தைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல வாய் வந்திருக்காது. விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்ற மிரட்டல் பிள்ளைகளை எவ்வளவு பதற வைக்கும் என்று, குழந்தைக்கும் வளர்ப்பவருக்குமான ஒட்டுதலை விளக்கும் பிணைப்புக் கோட்பாட்டை (அட்டாச்மென்ட் தியரி) உருவாக்கிய ஜான் பௌல்பி 1970-களிலேயே எழுதிவிட்டார்.

காரை வாங்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. "கார் ஆசையா இருக்கு, இல்லேன்னதும் கோபம் வந்துடுச்சு, சரி. ஆனா இன்னைக்கு வாங்கப் போறதில்லை." இவ்வளவுதான். அழுகை உடனே நிற்காது, நிற்கவும் வேண்டாம். தன் கோபத்தை இன்னொருவர் புரிந்துகொண்ட அனுபவம் இருக்கிற பிள்ளைக்குத்தான், பக்கத்து பெஞ்சில் முகம் வாடி உட்கார்ந்திருப்பவன் கண்ணில் படுவான். "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்றே வளர்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு அவன் மனைவியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் எங்கே போவான்?

அம்மாக்கள் இதைப் படித்துவிட்டு இன்னொரு குற்ற உணர்ச்சியைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். நல்ல நெருக்கத்தில் இருக்கும் தாயும் சேயும்கூடப் பாதி நேரத்துக்கு மேல் ஒருவர் மனநிலைக்கு ஒருவர் ஒத்துப்போவதில்லை என்றுதான் உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக்கின் ஆய்வுகள் காட்டின. கத்திவிட்டால், போய்ச் சமாதானம் செய்யுங்கள், போதும். அதோடு, குழந்தை அப்பாவிடமும் தாத்தாவிடமும் இதே போல ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஆள் வீட்டில் இருக்க வேண்டுமே! தமிழக அரசுப் பணியில் இருக்கும் அம்மாவுக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள். தனியார் கம்பெனி அப்பாவுக்கு, முதலாளி மனசு வைத்தால் உண்டு. இதற்காக எந்தத் தொழிற்சங்கமாவது தெருவில் இறங்கினால் சொல்லுங்கள், கொடி பிடிக்க முதல் ஆளாக நான் வருகிறேன்.