கை மாறிக்கொண்டே இருந்த ஒரு ரயில் பாதை

ஒரு ரயில் கம்பெனி கை மாறும்போது இன்ஜின், வேகன், பாதை எல்லாம் புது முதலாளிக்குப் போய்விடுகின்றன. பொறுப்பு மட்டும் வழியில் எங்கோ இறங்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தில் ஓடிய பாங்கர் அண்ட் அரூஸ்டூக் ரயில்வேயின் கதை இதற்கு நல்ல சாட்சி.

1891-ல் தொடங்கிய கம்பெனி. அரூஸ்டூக் உருளைக்கிழங்கு விளையும் பூமி. பனிக்காலத்தில் கிழங்கு உறைந்து போகாமலிருக்க வேகனுக்குள் ஹீட்டர் வைத்து அனுப்புவார்கள். 1969-70 குளிர்காலத்தில், அந்த வேகன்களை வாங்கிக் கடத்த வேண்டிய பென் சென்ட்ரல் ரயில்வே தானே தள்ளாடிக்கொண்டிருந்தது. வேகன்கள் யார்டுகளில் தேங்கி, கிழங்கு அழுகியது. விவசாயிகள் லாரிக்குப் போனார்கள், திரும்பவே இல்லை. மிஞ்சியது காகித ஆலைச் சரக்குதான்.

அப்புறம் வரிசையாக முதலாளிகள். 1995-ல் அயர்ன் ரோடு என்ற கம்பெனி வாங்கியது. கனடாவின் பெரிய ரயில் கம்பெனியான கனடியன் பசிபிக் கைகழுவிய, அந்நாட்டின் கியூபெக் மாகாணப் பாதையும் அதே குடும்பத்துக்குள் வந்தது. 2001-ல் திவால். 2003-ல் எட் பர்க்ஹார்ட் என்ற ரயில் தொழிலதிபரின் ரெயில் வேர்ல்டு கம்பெனி எடுத்து, மாண்ட்ரியல், மெய்ன் அண்ட் அட்லாண்டிக் என்று பெயர் மாற்றியது. காகித ஆலைகள் சுருங்கச் சுருங்க, செலவைக் குறைப்பதே நிர்வாகம் என்றானது. ஓட்டுநர் ஒருவரே போதும் என்றார்கள். 2012-ல் கனடா அரசும் தலையாட்டியது.

2013 ஜூலை 5 இரவு, 72 டேங்கர்களில் கச்சா எண்ணெயோடு வந்த ரயிலை கியூபெக்கில் நாண்ட் என்ற இடத்தில் சரிவில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் தங்கும் விடுதிக்குப் போனார். 7 கைபிரேக்தான் போட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் முன் இன்ஜின் தீப்பிடித்தது. சில மாதங்களுக்கு முன் அதில் அரைகுறை ரிப்பேர் நடந்திருந்தது. தீயணைப்பவர்கள் வந்து தீயை அணைத்து, இன்ஜினையும் நிறுத்தினார்கள். இன்ஜின் நின்றால் காற்று இறங்கும், காற்று இறங்கினால் இன்ஜின்களைப் பிடித்திருக்கும் ஏர்பிரேக் விட்டுப்போகும். நள்ளிரவு தாண்டி ரயில் தானாக உருண்டு லாக்-மெகாண்டிக் ஊருக்குள் பாய்ந்தது. 47 பேர் இறந்தார்கள்.

கம்பெனியிடம் இருந்த விபத்துக் காப்பீடு 2.5 கோடி டாலர். துப்புரவுச் செலவுக்கே காணாது. அடுத்த மாதமே திவால் மனு. உயிரிழப்புக்கான கிரிமினல் வழக்கில் கூண்டில் ஏறியவர்கள் ஓட்டுநர், போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், ஒரு மேலாளர். 2018-ல் மூவருக்கும் விடுதலை. முதலாளி யாரும் அந்தக் கூண்டில் ஏறவில்லை. பாதையை 2014-ல் ஃபோர்ட்ரெஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. அதுவும் 2020-க்குள் கனடியன் பசிபிக்குக்கே கைமாறியது. கால் நூற்றாண்டுக்கு முன் விற்றவர்களிடமே!

"எல்லாவற்றையும் அரசே நடத்தணும்" என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மெய்ன் ஒரு காரியம் செய்தது. 2010-ல் வடக்கு மெய்னில் 233 மைல் பாதையைக் கைவிடுகிறோம் என்று மாண்ட்ரியல், மெய்ன் அண்ட் அட்லாண்டிக் கம்பெனி சொன்னபோது, மாநிலம் சுமார் 2 கோடி டாலருக்கு வாங்கி, ரயில் ஓட்டும் வேலையை இர்விங் என்ற கனடியத் தொழில் குழுமத்திடம் விட்டது. தண்டவாளம் ஊருடையது, ஓட்டுபவர் மாறலாம். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. சாலையை யாரும் லாரி கம்பெனிக்கு விற்பதில்லையே.

லாக்-மெகாண்டிக் நடுவில் இப்போதும் அதே பாதைதான். ஊருக்கு வெளியே பைபாஸ் போட 2018-ல் ஒப்புக்கொண்டார்கள். செலவைக் கனடா மத்திய அரசும் கியூபெக் அரசும் பங்கிட்டுக்கொள்ளும். கட்டி முடித்ததும் அது ரயில் கம்பெனியின் சொத்து.