அந்த ஒரு மணி நேரத்தில் அடுப்பை யார் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மெண்டில் நடந்த ‘உள்ளமைதி’ தியான நிகழ்ச்சியின் வீடியோ இந்நேரம் உங்கள் எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கும். மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான். நான் கேட்டதில் பாதியை வெட்டிவிட்டு, பேச வந்தவர் சொன்ன பதிலையும் கைதட்டலையும் மட்டும் முழுதாக வைத்திருக்கிறார்கள். அதனால் கேள்வியை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பேச வந்தவர், எதைச் செய்தாலும் விழிப்போடு செய்யுங்கள் என்றார். நல்லது. செல்போனைத் தள்ளி வையுங்கள் என்றார். அதுவும் நல்லது. அப்புறம், காலையில் எழுந்ததும் முதல் ஒரு மணி நேரம் உங்களுக்கு மட்டுமே சொந்தம், அதில் யாரையும் நுழையவிடாதீர்கள் என்றார். நான் கேட்டேன்: “சார், எங்கள் வீட்டுக்கு ஏழே காலுக்கு ஸ்கூல் வேன் வரும். மாமியாருக்கு மாத்திரைக்கு முன்னால் ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் அடுப்பை யார் பார்ப்பது?”

அவர் சிரித்தார். “பாருங்கள், இந்தக் கேள்விக்குள்ளேயே எவ்வளவு பதற்றம்!” என்றார். கூட்டம் கைதட்டியது. தட்டியவர்களில் என் கணவரும் உண்டு. அதை நாங்கள் வீட்டில் பேசிக்கொள்கிறோம்.

கேள்விக்குப் பதில் வரவில்லை, கேட்டவளுக்கு வைத்தியம் வந்தது. இரண்டு நாளாக அந்த வைத்தியம் நிற்கவே இல்லை. “முதல்ல இந்த அக்காவுக்குத்தான் தியானம் தேவை” என்று ஒருவர். “பாவம், உள்ளே எவ்வளவு நெகட்டிவிட்டி” என்று இன்னொருவர். அடுப்பை யார் பார்ப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நான் அமைதிக்கு எதிரி இல்லை. எனக்கும் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருக்கப் பிடிக்கும், ரொம்பவே பிடிக்கும். நான் சொல்வது ஒன்றுதான். ஒருவர் நிம்மதியாக உட்கார வேண்டுமென்றால் அந்த நேரத்துக்கு அவர் வேலையை இன்னொருவர் செய்துகொண்டிருக்க வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்று பேசாத வகுப்பு எனக்கு வேண்டாம்.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் அரசாங்கக் கணக்கையே பார்க்கலாம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிடுவது ஒரு நாளைக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். ஏதாவது வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் வைத்து எடுத்த கணக்கு இது. ஒன்றுமே செய்யாத மகான்கள் இதில் சேர்த்தியில்லை. நடுவில் 201 நிமிடம் இருக்கிறதா? சார் சொன்ன ஒரு மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா?

“நாலரைக்கு எழுந்தால் நேரம் கிடைக்குமே” என்கிறீர்கள். கிடைக்கும். அதற்கு ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். பத்தரைக்குப் பாத்திரம் விளக்கி, தோசை மாவைக் கரைத்து வைப்பது யார்? மறுபடி அதே கேள்விதான் வருகிறது, என்ன செய்ய.

“பாத்திரம் விளக்குவதையே தியானமாகச் செய்யலாமே” என்று ஒரு நண்பர் அன்பாகவே எழுதியிருந்தார். ரமண மகரிஷியே ஆசிரமச் சமையலறையில் அதிகாலையில் காய் நறுக்கியவர் என்று உதாரணமும் காட்டியிருந்தார். ஆமாம், நறுக்கினார். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் தேடி வந்த மனிதர், விடிவதற்கு முன்னால் போய் உட்கார்ந்து தன் கையால் நறுக்கினார். வெளியே உட்கார்ந்துகொண்டு, உள்ளே நறுக்குகிற பெண்களிடம் “விழிப்போடு நறுக்குங்கள்” என்று அவர் வகுப்பெடுக்கவில்லை. வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார். ஞான சபையைத் திறந்தது 1872-இல். முதலில் சோறு. இதை நான் சொன்னால் ஆன்மிக விரோதி.

இன்னொன்று யார் கண்ணிலாவது பட்டதா? நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோருக்கும் சுக்கு மல்லி காபி கொடுத்தார்களே, அந்த அக்காவை வாராந்திர விடுமுறை நாளில் ஆறு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். காலி நாற்காலிகள் இருந்தன. ஜவுளிக்கடைப் பெண்கள் வேலை நேரத்தில் உட்கார 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது. அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“ஆண்களுக்கும் மன அழுத்தம் உண்டு.” உண்டு. அதைப் பற்றி நீங்கள் எழுதுங்கள், நான் லைக் போடுகிறேன்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் கடை வைத்திருந்தார். கோபமே வராத மனிதர் என்று தெருவில் பெயர். காலையில் குளித்து, திருநீறு பூசி, பூஜையறையில் உட்கார்ந்தால் கடை திறக்கும் நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார். அதுவரைக்கும் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது. தம்பி அழுதால் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட வேண்டும். தண்ணீர் வந்தால் குடத்தைச் சத்தமில்லாமல் வைக்க வேண்டும். “அப்பா பூஜையில இருக்காங்க” என்று அம்மா கிசுகிசுப்பது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவர் எழுந்து வந்ததும் இலையில் இட்லி சூடாக இருக்கும். அந்த மனிதருக்கு ஏன் கோபம் வரப்போகிறது?

அம்மாவுக்கும் தெருவில் ஒரு பெயர் உண்டு: சிடுமூஞ்சி. அத்தைகள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், “அண்ணன் குணத்துல பாதி உனக்கு இருந்திருந்தா…” என்று. அந்தக் குணத்துக்கு அவள் காலையிலிருந்து குடம் தூக்கியது கணக்கில் வராது. அப்பா நல்லவர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் போன பிறகு பேச வந்த எல்லோரும் அவருடைய சாந்தத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அம்மா அப்போதும் உள்ளே வந்தவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தாள்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். “குடும்ப விஷயத்தை ஏன் பொதுவில் எழுதுகிறாய்” என்று யாராவது கேட்பீர்கள். அந்த வீடியோவைப் பொதுவில் விட்டது நானில்லை.

நான் சிடுமூஞ்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அடுத்தபடியாக அந்தப் பெயர் எனக்கு வந்ததில் வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, பொய் சொல்வானேன். ஆனால் அடுத்த வகுப்பை ஞாயிறு காலை ஆறரைக்கு வைக்கும்போது, எந்தெந்த வீட்டில் யார் சமைத்துவிட்டு வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். பெயர் பார்த்துவிட்டு நானும் வருகிறேன்.

கடைசியாக, தம்பிக்கு. நம் குடும்பக் குரூப்பில் சிரிக்கிற பொம்மையோடு அந்த வீடியோவைப் போட்டது நீதான் என்று தெரியும். அம்மா பார்த்துவிட்டாள். என்ன சொன்னாள் என்பதை நீயே போன் பண்ணிக் கேட்டுக்கொள்.