பிரான்சிஸ்கா உழுத நிலம்

ஹிட்லரின் படையில் போரிட மறுத்ததற்காக 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டிக் கொல்லப்பட்ட ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டரின் மனவுறுதியை, அவரைப் பற்றி நான் அண்மையில் படித்த ஒரு கட்டுரை உருக்கமாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவருடைய மனைவி பிரான்சிஸ்காவை இரண்டே வரிகளில் கடந்து சென்றது எனக்கு வருத்தமளிக்கிறது.

தொடக்கத்தில் கணவரின் மனத்தை மாற்ற அவரும் முயன்றார். உறவினரும் ஊராரும் குருக்களும் எதிராகப் பேசியபோது, தானும் கைவிட்டால் அவருக்கு யாருமே இல்லை என்று உணர்ந்து உடன் நின்றார். கணவர் சிறையில் இருந்த மாதங்களில், மூன்று சிறு பெண்குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, மாமியாருடன் சேர்ந்து பண்ணை வேலைகளையும் அவரே பார்த்தார். அவர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் செபமும் வயல் வேலையும் அருகருகே வருவதைப் படிக்கும்போது, அந்தக் குடும்பத்துக்கு இறைநம்பிக்கை என்பது அன்றாட உழைப்பிலிருந்து பிரிக்க முடியாததாக இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

போர் முடிந்த பிறகும் அவருடைய துன்பம் தீரவில்லை. கணவரைத் தடுக்காமல் விட்டவர் என்று ஊராரில் பலர் அவர்மீதே பழி சுமத்தினார்கள்; போரில் மாண்டவர்களின் மனைவியருக்குக் கிடைத்த உதவித்தொகை அவருக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் அதே ஊரில், அதே நிலத்தில் உழைத்து, கணவர் செய்துவந்த ஆலயப் பணியையும் அவரே ஏற்று நடத்தினார். 2007 அக்டோபரில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கணவர் அருளாளராக (கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) அறிவிக்கப்பட்டபோது, தொண்ணூற்று நான்கு வயதில் மகள்களுடன் அங்கே அமர்ந்திருந்தார்.