மனை போடலாமாம் இரும்பாலையில்

அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். நஷ்டத்தில் ஓடும் சேலம் இரும்பாலையை மூடி, மனை பிரித்து விற்றால் ஊருக்கு லாபமாம். அதில் பேசும் ஐயா, பக்கத்து மலை பேரில் ‘கஞ்சமலை வியூ’ என்று பெயரே வைத்துவிடுவார் போல. ஓமலூர் ரோட்டில் கலர் கொடி நட்டு ஆள் வராமல் கிடக்கும் மனைகள் அவர் கண்ணில் படவில்லை.

நஷ்டம் உண்மைதான், யார் மறுத்தது? அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி பேசினாரா?

இங்கே தயாராவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் 304 என்ற ரகத்தில் 8 சதவீதம் நிக்கல் உலோகம். அதை உலகச் சந்தை விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும். 2008 நெருக்கடியில் சந்தை படுத்து எழுந்திருப்பதற்குள், சீனா தேவைக்கு மேல் உருக்கி மிச்சத்தை உலகம் முழுக்க மலிவாக இறக்கியது. 2015-16ல் இந்த ஆலையை நடத்தும் மத்திய அரசு நிறுவனமான செயில் மொத்தத்துக்கே 4,000 கோடிக்கு மேல் நஷ்டம். பிலாய், பொகாரோ மாதிரி பெரிய ஆலைகள் எல்லாம் சேர்த்துத்தான் அது. ஆனால் 2016ல் விற்கத் தேர்ந்தெடுத்தது பத்ராவதி, துர்காபூர் அலாய் ஆலைகள், அப்புறம் நம்ம சேலம்.

2017ல் சீனத் தகட்டுக்கு, அங்கே அரசு தரும் மானியத்தை ஈடுகட்ட 18.95 சதவீதம் எதிர்வரி போட்டார்கள். சரி, இப்போதாவது விழித்தார்களே என்று பார்த்தால், 2021 பட்ஜெட்டில் நிறுத்தி, 2022ல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டு, நீந்தத் தெரியவில்லை பார் என்கிறார்கள். திரும்பவும் கேட்கிறேன், நஷ்டம் எங்கிருந்து வந்தது?

“வரி போட்டால், மலிவுத் தகட்டை நம்பியிருக்கும் பாத்திரப் பட்டறைக்காரன் என்ன செய்வான்?” என்று கமெண்ட் வரும். நியாயம்தான். பட்டறைக்கு வேறு சலுகை கொடுங்கள். அதற்கு ஆலையை மூடுவானேன்?

“அரசு ஆலையில் எவன் வேலை செய்கிறான்?” இதுதான் எரிகிறது. என் அப்பா இந்த ஆலையில், சூடாக்காமலே தகட்டை மெலிதாக உருட்டும் கோல்டு ரோலிங் மில்லில் இருந்தவர். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் சட்டையெல்லாம் எண்ணெய் வாடை. கடையில் மிச்சம் தரும் ஒரு ரூபாயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நாணயம் அச்சடிக்க வெறும் வில்லை இங்கிருந்தும் போகுமே, “நம்ம தகடா இருக்கும்டா” என்பார். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர் ஒருத்தர், “நீங்கல்லாம் உட்கார்ந்தே சம்பளம் வாங்கினவங்க” என்று சிரித்தார். அப்பா பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டார். அந்த வீடியோவை முதலில் அனுப்பியதும் அதே ஆள்தான்.

2021 மே மாதம் கொரோனாவில் ஆக்சிஜனுக்கு ஊரே அலைந்தபோது, இதே வளாகத்தில்தான் 500 படுக்கை போட்டார்கள். அன்றைக்கு யாரும் லாபக் கணக்குக் கேட்கவில்லை.

1967ல் அண்ணா ‘எழுச்சி நாள்’ நடத்திக் கேட்ட ஆலை இது. 1970ல் இந்திரா அடிக்கல் நாட்டி, உற்பத்திக்கு வர 1981 ஆனது. கஞ்சமலை இரும்புத் தாதுவை நம்பிக் கேட்டோம். கிடைத்தது, வெளியிலிருந்து வரும் சுருளைத் தகடாக உருட்டும் மில். இங்கேயே உருக்கி எடுக்க உருக்குக்கூடம் வரவே 2010 ஆகிவிட்டது. கொடுத்ததே அரைகுறை. அதற்கும் இப்போது கணக்குக் கேட்கிறார்கள், அதுவும் நம்ம ஊர்க்காரர்களே.

அப்பாவுக்கு எவ்வளவு செட்டில்மென்ட் வந்தது என்று கமெண்ட்டில் கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது. நேராக பிளாக்தான், சொந்தக்காரராக இருந்தாலும்.