ஜாவாவின் இடைப்பட்ட வெளியீடுகள் சோதனைப் பதிப்புகளா?

ஜாவா நிரல்மொழியின் 11, 17, 21 போன்ற நீண்டகால ஆதரவு வெளியீடுகளே முழுமையானவை, இடையில் வருபவை வெறும் சோதனைப் பதிப்புகள் என்று பரவும் தகவல் தவறானது. 2018 முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வரும் வெளியீடுகள் அனைத்தும் ஒரே உருவாக்க முறையில் தயாராகின்றன. நீண்டகால ஆதரவு என்பது ஆரக்கிள் முதலிய வழங்குநர்கள் ஒரு பதிப்புக்குப் பல ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் அளிப்பதாகத் தரும் உறுதியே தவிர, தரச்சான்று அன்று. சொல்லப்போனால், இன்னும் இறுதியாகாமல் பயன்படுத்திப் பார்ப்பதற்காகத் தரப்படும் முன்னோட்ட அம்சங்கள், நீண்டகால ஆதரவு பெற்ற 21-ஆம் பதிப்பிலும் இருந்தன. அவற்றுள் ஒன்றான, உரைக்குள் மதிப்புகளைச் செருகும் ஸ்டிரிங் டெம்ப்ளேட் வசதி 23-இல் நீக்கப்பட்டேவிட்டது. உண்மையான வேறுபாடு காலக்கெடுவில்தான் உள்ளது: அடுத்த பதிப்பு வந்ததும் இடைப்பட்ட பதிப்புக்கான திருத்தங்கள் பொதுவாக நின்றுவிடுவதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுவதற்கு வேண்டிய தானியங்கிச் சோதனைகள் இல்லாத நிறுவனத்துக்கு நீண்டகாலப் பதிப்பே பொருந்தும், அங்கும் காலாண்டுத் திருத்தங்களை நிறுவாமல் விட்டால் அந்த ஆதரவால் பயனில்லை.